ஒன்று, இரண்டு, மூன்று என்று நெய்த முந்தானை

கம்ப்யூட்டரைத் தூக்கிக் கமண்டல நாகநதியில் போட்டுவிடலாமா என்று இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் இல்லை. அதனால்தான் அது இன்னும் என் மேஜை மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் இதே பக்கத்தில், செகண்ட் ஹேண்டில் கம்ப்யூட்டர் வாங்கியதைப் பெருமையடித்துக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? வாழ்த்தி நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்த வாழ்த்துகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் பலராமன் என்றொரு பட்டு முதலாளி. ஆரணிக்குள்ளும் முள்ளிப்பட்டிலும் வீடு வீடாகத் தறியில் ஏற்றும் பாவு நூலும் பட்டும் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறவர். அவருக்கு ஓர் ஆர்டர் வந்தது. அக்கா, தங்கை இருவருக்கும் ஒரே மேடையில் கல்யாணம். இரண்டு பேருக்கும் அச்சு அசலாக ஒரே புடவை வேண்டும். ஒரே தறியில் இரண்டையும் நெய்ய நாள் போதாது. ஆகவே ஒன்று ஆரணிக்குள்ளேயே, கொசப்பாளையத்துத் தறியில். இன்னொன்று முள்ளிப்பட்டில், மல்லிகா என்பவரின் தறியில்.

புடவையின் உடம்பில் சிக்கல் இல்லை. முந்தானையில்தான் கோடு கோடாக நிறம் மாறும். எத்தனை இழை அரக்கு, எத்தனை இழை ஜரிகை என்று ஒரு சீட்டில் எழுதித் தறியில் செருகி வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் எண்தான் முதலில்... ஒரு புள்ளி... அப்புறம் நிறம். ‘32. அரக்கு’ என்றால் முப்பத்திரண்டு இழை அரக்கு ஓட்ட வேண்டும். அடுத்த வரி ‘4. ஜரிகை’. அதற்கடுத்து ‘18. பச்சை’. இப்படிப் பதினான்கு வரி. முடிந்ததும் மறுபடி முதல் வரி.

தறி இரண்டு, சீட்டு ஒன்று. பலராமன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“சார், உங்களாண்டதான் கம்ப்யூட்டர் கீதே. ஜல்தியா ஒரு காப்பி அடிச்சிக் குடுங்க. கையால எழுதினா எவனாவது ஒன்னை ஏழுன்னு படிச்சிடுவான்.”

ஜெராக்ஸ் எடுத்திருக்கலாமே என்கிறீர்களா? மங்கிய பென்சில் எழுத்து. ஜெராக்ஸில் விழவே இல்லை.

அதைவிட, அவர் ‘சார்’ என்றாரே... ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாராவது சார் என்றால் இன்றைக்கும் உச்சி குளிர்ந்துவிடும்.

என் கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதுவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. பதினான்கு வரியும் அடித்தேன். வரிகள் முன்னும் பின்னுமாகப் பல்லிளித்தன. மேலே ஒரு பட்டன். அதன்மேல் மூன்று குட்டிக் கோடுகள், கோடுகளுக்கு முன்னால் குட்டி எண்கள். அமுக்கினேன். அடடா! அத்தனை வரியும் பரேடில் நிற்கும் போலீஸ்காரர்களைப் போல நேராகிவிட்டன.

நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று உங்களுக்குத் தெரியும். கேஸை மூடினேனா என்று பார்க்கப் போளூர் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தவன். இந்தச் சீட்டையும் மூன்று தடவை சரிபார்த்தேன். எதை? எழுத்தை! ஜரிகைக்கு எந்த ‘ரி’, அரக்குக்கு எந்த ‘ர’ என்று. பாதியில் படிப்பை விட்டவனுக்குப் பயமெல்லாம் எழுத்துப்பிழையில்தானே? எண்ணை யார் பார்த்தார்கள்! பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்; பென்சில் சீட்டு கொசப்பாளையத்துக்கும் என் சீட்டு மல்லிகாவுக்கும் போயின.

நான் ஏதோ வரிசை எண் போடுகிறேன், அதுவும் தப்பாகப் போடுகிறேன் என்று அந்தச் சாஃப்ட்வேர் முடிவு கட்டிவிட்டது. முப்பத்திரண்டை அழித்து ஒன்று என்று போட்டது. நாலை இரண்டாக்கியது. பதினெட்டை மூன்றாக்கியது. அப்படியே பதினான்கு வரை.

கம்ப்யூட்டர் விற்ற ஆளுக்கு அப்புறம் போன் போட்டுக் கத்தினேன்.

“அது ஆட்டோமேட்டிக் சார். உங்க நல்லதுக்குத்தான்.”

“என் நல்லதை யாருய்யா கேட்டது? அதை எப்படி நிறுத்தறது?”

“அது தெரியல சார்.”

சரி, சீட்டுக்கு வருகிறேன். ஓர் இழை அரக்கு, இரண்டு இழை ஜரிகை, மூன்று இழை பச்சை... வேறு யார் பார்த்தாலும் இது வரிசை எண் என்று சொல்லிவிடுவார்கள். நெசவு செய்கிறவருக்கு அப்படித் தோன்றாது. எண் என்றால் அவருக்கு இழைதான். சன்னமாக ஆரம்பித்துப் போகப் போக அகலமாகும் கோடு – அப்படியும் ஒரு டிசைன் இருக்கலாமே?

மல்லிகா நெய்தார்.

சென்ற செவ்வாய்க்கிழமை பலராமன் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போனார். கொசப்பாளையத்துப் புடவை முடிந்து அவர் கையில் இருந்தது. “ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாருங்க. பத்திரிகையில எழுதுவீங்க” என்றார்.

எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மல்லிகாவின் தறியில் முந்தானை ஒரு முழம் ஏறியிருந்தது. பலராமன் முதல் புடவையைப் பக்கத்தில் விரித்தார். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

“இன்னாம்மா இது? இன்னா நெய்ஞ்சி வெச்சிக்கிற? அறிவு கீதா உனுக்கு?”

“சீட்டுல கீறபடிதான் மொதலாளி போட்டுகினு வந்தேன்...”

“சீட்டாம் சீட்டு! நாலெழுத்து படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் கீது. இந்தப் பாவோட சரி. இனிமே உன் தறிக்குப் பாவு கெடையாது!”

அந்த வீட்டுக்கு அந்த ஒரு தறிதான். பாவு வராவிட்டால் அது வெறும் மரச்சட்டம். மல்லிகா தலையைக் குனிந்துகொண்டார். நான் தறியில் செருகியிருந்த சீட்டைப் பார்த்தேன். என் சீட்டு. ஒன்று, இரண்டு, மூன்று...

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு நிமிஷம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக என்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

“பலராமன், தப்பு என்னுது. நம்பரெல்லாம் மாறிப் போச்சு. நான் அடிச்ச சீட்டு இது.”

அவர் வாங்கிப் பார்த்தார். சிரித்தார்!

“அட, விடுங்க சார். கம்ப்யூட்டர்னா அப்டி இப்டிதான் இருக்கும். பேஜாராப் பூடுச்சி. நீங்க இன்னா பண்ணுவீங்க?”

எனக்குக் காது சுட்டது. தப்பைச் செய்தவன் நான் – எனக்கு ‘விடுங்க சார்’. சீட்டில் இருந்ததை இழை பிசகாமல் நெய்தவர் அவர் – அவருக்கு ‘அறிவு கீதா’. நானும்தான் நாலெழுத்து படிக்காதவன். மேஜைமேல் ஒரு பெட்டி இருந்தால் போதுமா, மரியாதை வந்துவிடுமா?

“அப்ப அந்தம்மாவைத் திட்டினீங்களே?”

“அதான் பாவு குடுத்துடறேன். நீங்க சொல்றீங்களேன்னுதான்.”

“நான் சொல்றேன்னு வேணாம்!” தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன். “அவங்க மேல தப்பு இல்ல. அதை அவங்களாண்ட சொல்லுங்க.”

பலராமன் பாக்கெட்டிலிருந்து பழைய பென்சில் சீட்டை எடுத்துத் தறிமேல் வைத்தார். ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். “ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்” என்று கிளம்பிவிட்டார். இன்றுவரை அவர் அதைச் சொல்லவில்லை.

மல்லிகா அதற்குள் முந்தானையைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார். ஒவ்வோர் இழையாக, அறுந்துவிடாமல்.

“ரெண்டு நாள் பிரிக்க, ரெண்டு நாள் நெய்ய. முட்சிடலாம்ணா. நீங்க மனசு கஷ்டப்படாதீங்க.”

என்னை அவர் சமாதானப்படுத்துகிறார்! எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

“ஏம்மா, எத்தனை சீட்டு பாத்திருப்பீங்க? ஒன்னு ரெண்டு மூனுன்னு வந்தா சந்தேகமே வரலியா?”

“வந்திச்சிண்ணா. மொத நாளே வந்திச்சி.”

“கேக்கறதுக்கு இன்னா?”

“கையால எழுதினதா இருந்தா கேட்டிருப்பேன். இது எவ்ளோ நேரா, எவ்ளோ அழகா வந்துகீது... இதைப் போயித் தப்புன்னு சொல்ல நான் யாருண்ணா?”

நேராக நின்ற அந்தப் பதினான்கு வரிகளைப் பார்த்து நானும் இதையேதானே நினைத்தேன்? கோணலாக இருந்திருந்தால் நூறு தடவை சந்தேகப்பட்டிருப்பேன்.

பழைய சீட்டில் பென்சில் பாதி அழிந்திருந்தது. முதல் புடவையை மடியில் போட்டுக்கொண்டு இருவருமாக இழையை எண்ணினோம். நான் ஒரு பேப்பரில், என் கோழிக் கிறுக்கலில், பதினான்கு வரியையும் எழுதிக் கொடுத்தேன்.

மல்லிகா வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது இன்னாண்ணா, பதினெட்டா, பதிமூனா?”

“பதினெட்டு.”

“இது நாலா, ஒம்போதா?”

“நாலும்மா.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அப்பால என்னைச் சொல்லக் கூடாது.”

பதினான்கு வரிக்கும் பதினான்கு கேள்வி கேட்டார். என் கையெழுத்துமேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.