மலையிலிருந்து வந்த போட்டோ

என் வீட்டுக்காரருக்கு மலைப் பைத்தியம். பொம்மசந்திரா ஃபேக்டரியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவருக்கு லடாக்கில் ஆறாயிரம் மீட்டர் சிகரம் எதற்கு என்று நான் கேட்காத நாளில்லை. "நம்ம பெங்களூரே மூவாயிரம் அடி உயரத்துலதான்டி இருக்கு. பாதி மலை இங்கயே பழகிடுச்சு, சும்னே பயப்படாத" என்பார் கன்னடம் கலந்து. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏறுவதைவிட, உடம்பை உயரத்துக்குப் பழக்குவதுதான் பெரிய வேலையாம். பகலில் கொஞ்சம் மேலே ஏறி, தூங்குவதற்குக் கீழே இறங்க வேண்டும். அவசரப்பட்டால் மூளையில் நீர் கோத்து, புத்தி குழம்பி, நேராக நடக்க முடியாமல் தள்ளாடி, கடைசியில் ஆளையே கொன்றுவிடும். அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். தினமும் சாயங்காலம் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எழுபத்தைந்துக்குக் கீழே போனால் இறங்கிவிட வேண்டும். வழிகாட்டியின் நம்பரையும் சண்டை போட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் தொண்ணூறு. மறுநாள் எண்பத்தைந்து. மூன்றாம் நாள் எழுபத்தெட்டு. அன்று போனில், "தலைவலிதான், எல்லாருக்கும் இருக்கு" என்றார். குரல் குழறியது. சிக்னல் சரியில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நான்காம் நாள் அவர்கள் இருந்தது கடைசி ஊரில். விடிந்தால் மேலே கிளம்பிவிடுவார்கள், அதற்கப்புறம் போனே எடுக்காது. ஆடுகோடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போட்டோ வந்தது. எண்பத்தொன்பது! அப்பாடா என்று பஸ் ஏறி உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். என்னவோ உறுத்தியது. பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கை; கிளிப் ஆள்காட்டி விரலில், மற்ற நாலு விரலும் நுனிவரை முழுசாக இருந்தன.

அவருடைய இடது மோதிர விரலின் நுனியை மெஷின் எப்போதோ கொண்டுபோய்விட்டது. வலது கையில் போன் பிடிப்பார், கிளிப் எப்போதும் இடது கையில்தான். முந்தின மூன்று போட்டோவிலும் அந்தக் குட்டை விரல் இருந்தது.

பொய் சொல்வதில் அவர் கில்லாடி. வேலைக்கு மட்டம் போட்டு நந்தி மலை ஏறிய அன்றுகூட, சட்டையில் கிரீஸ் தடவிக்கொண்டு வீடு வந்த ஆள். அவர் இவ்வளவு மட்டமாகப் பொய் சொல்கிறார் என்றால் புத்தி தெளிவாக இல்லை.

அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி வழிகாட்டிக்கு அடித்தேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. சனியன் பிடித்த போன்! மூன்றாம் தடவை எடுத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கத்தினேன். "இப்பவே போய் அவரை ஒரு கோட்டுல நேரா நடக்கச் சொல்லுங்க! நடந்துட்டா நான் வாயே தொறக்க மாட்டேன்."

போனை வைக்காமலே போனார். காற்றுச் சத்தம் கேட்டது. யாரோ அதட்டினார்கள். பிறகு தொப்பென்று ஒரு சத்தம்.

"அக்கா, கீழ கொண்டுபோறோம்" என்றார் வழிகாட்டி.

ஆக்ஸிஜன் வைத்து ஜீப்பில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு நாள் கழித்து அவரே பேசினார்.

"மூணு வருஷக் கனவுடி. கெடுத்துட்டியே."

"உங்க லட்சணத்துக்குக் கனவு ஒண்ணுதான் கொறச்சல். போட்டோல இருந்தது யாரு கைங்க?"



"எந்த போட்டோ? நான் எப்ப அனுப்புனேன்?"

அது பொய்யில்லை, எனக்குத் தெரியும்; அந்த நாளே அவர் ஞாபகத்தில் இல்லை. திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. பஸ்ஸில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.