மூவருக்கும் ஓம்

எங்கள் வீட்டுப் பல்கனியில் ஒரு காலத்தில் மூன்று கட்சிகள் ஒன்றாகக் குடியிருந்தன. நாங்கள் குடியேறிய கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் வேறு எந்த வீட்டுக்கும் அப்படியொரு பெருமை வாய்க்கவில்லை என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

அது நாடாளுமன்றத் தேர்தல் காலம். எங்கள் தொகுதியில் மூன்று வேட்பாளர்களுக்கிடையே கடும் இழுபறி. யார் வெல்வார் என்று தொலைக்காட்சியில் பேசியவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. அதனால், மற்ற நாட்களில் ஒருவரும் எட்டிப் பார்க்காத எங்கள் அடுக்குமாடிக்கும் கட்சி ஆட்கள் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். "போன்ஜூர் மடாம்" என்று தொடங்குவார்கள். அம்மாவுக்குப் பிரெஞ்சு அரைகுறை, நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"அம்மா, தங்களுக்கு வோட்டுப் போடுவியளோ எண்டு கேக்கினம்."

"ஓம் ஓம் எண்டு சொல்லு."

"பல்கனியில தங்கட போர்ட் கட்டலாமோவாம்?"

"அதுக்கும் ஓம் எண்டு சொல்லு."

முதலில் வந்த கட்சிக்கு ஓம். அடுத்த கிழமை வந்த எதிர்க்கட்சிக்கும் ஓம். மூன்றாவது கட்சி வந்தபோது பல்கனிக் கம்பியில் இடமில்லை. அம்மா உடுப்புக் காயப்போடும் கொடியை அவிழ்த்து இடம் கொடுத்தார். வேலையால் வந்த அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்கட வீட்டில இப்ப கூட்டணி ஆட்சி" என்று சிரித்தார்.

சிரிக்காதவர் சித்தப்பா ஒருவர்தான். அவர் டவுன்டவுன் உணவகமொன்றில் சமையல் வேலை செய்தார். மிச்ச நேரமெல்லாம் அந்த மூவரில் ஒருவருக்காக வீடு வீடாக அலைந்தார். கலியாணம் செய்த கையோடு சித்தியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தவர் அவர். சித்தியைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் அசையாமல் கிடந்தது. வென்றால் தன் அலுவலகம் அதை விசாரிக்கும் என்று வேட்பாளர் சொல்லியிருந்தார். தமிழ் வீடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சித்தப்பாவும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை அந்த வேட்பாளரையே எங்கள் தெருவுக்குக் கூட்டி வந்தார். இதுதான் என் அண்ணன் வீடு என்று கையை உயர்த்திக் காட்டினார். உயர்ந்த கை அப்படியே நின்றது. வேட்பாளர் நல்ல மனிதர். மூன்று பலகைகளையும் பார்த்து முடித்து எனக்குக் கையசைத்தார். நானும் பலகைகளுக்கு மேலால் இரண்டு கைகளையும் அசைத்தேன்.

அவரை அனுப்பிவிட்டுச் சித்தப்பா மேலே வந்தார். அம்மாவின் அண்ணனுடைய மாலை போட்ட படத்துக்குக் கீழே பொத்தென்று உட்கார்ந்தார்.

"அண்ணி, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்? மற்ற ரெண்டையும் கழட்டுங்கோ."

"தம்பி, வாசலுக்கு வந்து கேட்டவைக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"இல்லை எண்டு சொன்னால் என்ன? இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம்."

அம்மா சமையலறைக்குள் போய், கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவத் தொடங்கினார். "உங்களுக்கென்ன, உங்கட குடும்பம் பக்கத்தில இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா எழுந்து போனார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. பலகைகளை அம்மா கடைசிவரை கழட்டவில்லை.

அம்மா குடியுரிமை எடுத்தபின் வந்த முதல் தேர்தல் அது. என் பள்ளிக்கூட மண்டபத்தில்தான் வாக்களிப்பு. கூடவே வாக்குப் போடும் மட்டை மறைப்புக்குப் பின்னால் போகப் பார்த்த என்னைத் தோளில் பிடித்து அம்மா இந்தப் பக்கம் நிறுத்தினார். போனவர் வெளியே வருவதாயில்லை. வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். பெயரை வாசிக்கத் தெரியாமல் திண்டாடுகிறார் என்று நினைத்து எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அம்மா, நான் வந்து வாசிக்கட்டே?"

"வராதை. அங்கயே நில்லு."

சித்தப்பாவின் ஆள் மயிரிழையில் தோற்றுப்போனார். அடுத்த நாள் எங்களோடு சாப்பிட வந்த சித்தப்பா, சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்கோ. ஆருக்குப் போட்டனீங்கள்?"

உங்கட ஆளுக்குத்தான் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லி அவரைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். யார் எதைக் கேட்டாலும் ஓம் சொல்கிறவர்தானே! அம்மா கறிச்சட்டியை மேசையில் வைத்தார்.

"அதைச் சொல்ல மாட்டன், தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவருக்குக் கறி போட்டார். சித்தி பிறகு ஒரு கோடையில், எந்த எம்.பி.யின் தயவும் இல்லாமல் வந்து சேர்ந்தார். அம்மா யாருக்குப் போட்டார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

படத்தில் இருந்த மாமாவைப் பற்றி நான் வளர்ந்த பிறகுதான் அப்பா சொன்னார். ஊரில் ஒரு மத்தியானம் வீட்டுப் படலைக்கு வந்து, நீ எங்கள் பக்கமா என்று கேட்டவர்களிடம் மாமா "இல்லை" என்று சொல்லியிருக்கிறார். கூட்டிக்கொண்டு போனார்கள்; ஆள் திரும்பவில்லை. அதன்பிறகு எந்தப் பக்கத்து ஆட்கள் வந்து கேட்டாலும் அம்மா ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அம்மா முகத்துக்கு நேரே ஒருவருக்கு முடியாது என்று சொல்லி அப்பா முதன்முதலாகக் கேட்டது அந்தக் கறிச்சட்டிக்கு முன்னால்தான்.

அன்று அந்த மேசையில் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. கறியில் உறைப்புக் கூடிவிட்டது என்று நினைத்து, நான் ஓடிப்போய் ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன்.