மாடியண்ணனின் முக்காலி

ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறவருக்கு மாடியண்ணன் என்று யார் பெயர் வைத்தார்களோ, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பழைய காலத்து லிப்ட். கம்பிக் கதவைக் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். இருபத்திரண்டு வருஷமாக மனிதர் இழுத்துச் சாத்திக்கொண்டிருக்கிறார். இவ்வளவு தூரம் பயணம் செய்தும் எங்கேயும் போய்ச் சேராதவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆறு வருஷமாக இடுப்பு வலி. மாத்திரை, பெல்ட், தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. எலும்பில் கோளாறு இல்லை, ஆனாலும் இந்த வலி முழுசாகப் போகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தால் கிடைத்த லாபம், லிப்டுக்குள் ஒரு முக்காலி. உட்கார்ந்தபடி ஓட்டலாம்.

அதே ஆஸ்பத்திரியில் தீராத வலிக்காரர்களுக்கு மனக்கவனப் பயிற்சி ஆரம்பித்தார்கள். எட்டு வாரம், புதன்கிழமை மத்தியானம். மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு லீவு கொடுத்தார். வகுப்பில் வாராவாரம் அவரவர் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிற தாளின் நகல் தன் மேஜைக்கு வர வேண்டும் என்று நிபந்தனை வேறு.

வலியை விரட்டாதீர்கள், எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பாருங்கள், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்றார் பயிற்சி தருகிற அம்மா. மூச்சு விடுவதற்கும் ஒரு வகுப்பா என்று மாடியண்ணனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பத்துக்கு எட்டு என்று போட்டார். நாலாவது வாரம் பிடி கிடைத்துவிட்டது. வலி இருந்தது, அதோடு மல்லுக்கட்டுவது நின்றிருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு தன் ஷூ லேஸைத் தானே குனிந்து கட்டினார். அந்தச் சந்தோஷத்தில் ஐந்து என்று எழுதினார்.

மறுநாள் காலையில் லிப்டில் முக்காலியைக் காணோம். மேனேஜர் கைகொடுத்துப் பாராட்டினார். குணமானவருக்கு ஸ்டூல் எதற்கு என்றார். உட்கார்ந்து வேலை செய்ததும்தானே வலியைக் குறைத்தது என்று சொல்ல மாடியண்ணன் வாயெடுப்பதற்குள் ஐந்தாம் மாடியிலிருந்து மணி அடித்தது.

அடுத்த புதன்வரை தினமும் ஒன்பது மணி நேரம் நின்றார். இடுப்பு எரிந்தது. வகுப்பில் உள்ளதை உள்ளபடி ஒன்பது என்று எழுதினார்.

வியாழக்கிழமை முக்காலி திரும்பி வந்தது. கூடவே சேதியும் வந்தது: வலியைக் கூட்டுகிற வகுப்புக்கு எதற்கு லீவு, இனிப் போக வேண்டாம். மாடியண்ணனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தால் மனிதன் என்னதான் செய்வான்?

சாயங்காலம் மனைவி நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ரெண்டு வாட்டியும் ஏழுன்னு போட்டுத் தொலைச்சிருந்தா ஸ்டூலும் இருந்திருக்கும், வகுப்பும் இருந்திருக்கும்ல?"

"இருக்கறத இருக்கற மாதிரி பாருங்கன்னாங்க," என்றார் அவர். "நானும் பாத்தேன்."

மறுநாள் காலையில் அவர் ஷூ லேஸை அவள்தான் குனிந்து கட்டிவிட்டாள்.

மாடியண்ணன் கம்பிக் கதவைச் சாத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். மிச்ச மூன்று வாரத்தில் என்ன சொல்லித் தந்திருப்பார்கள் என்று யோசித்தார். தெரிந்தவரைக்கும் செய்வோம் என்று கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தார். வெளியே விடுவதற்குள் ஐந்தாம் மாடியில் மணி அடித்தது.