மூன்று படகுக்கும் ஒரே பெயர்

சனிக்கிழமை காலை 6.10. கடலூர் முதுநகரில் ஓர் ஐஸ் கம்பெனி வாசல். முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைத் திரை.

கம்பெனியை நடத்தும் வசந்தா தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தார். ‘அடுத்து’ என்ற நீலப் பட்டனை அமுக்கினார். திரை வெளுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... எண்ணி முடித்த பிறகுதான் அடுத்த பக்கம் வந்தது.

“வெளுத்தாகூடப் பரவால்ல சார். இதப் பாருங்க, மூணு ஆர்டர் வந்திருக்கு. மூணும் ‘மாமா’ன்னு ஒரு படகுக்காம். எங்க தொறையில அப்படி ஒரு படகே கெடையாது!”

நான் திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தேன். என் மனைவியின் தங்கை. சென்னை வேலையை விட்டுவிட்டு, சிதம்பரத்தில் வீட்டிலிருந்தே வெப் ஆப் செய்து தருகிறாள். படகுக்காரர்கள் போனிலேயே ஐஸ் சொல்லிவைக்கும் இந்த ஆப்தான் அவளுடைய முதல் சொந்த வேலை. அன்றுதான் முதல் நாள்.

“டெஸ்ட் பண்ண ஏதாவது ஒரு பேரு வேணும்ல மாமா... அதான் உங்கள வெச்சேன்.”

“என்னைக் கடல்ல எறக்கிட்டியே!”

வசந்தா சிரிக்கவில்லை. “எட்டு மணிக்குப் படகெல்லாம் கெளம்பிடும். அதுக்குள்ள சரியாவலன்னா எனக்கு நோட்டே போதும்மா. ஐஸு தப்பான படகுக்குப் போச்சுன்னா அவுங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

மேசை மேல் அந்த நீள நோட்டு திறந்தே இருந்தது. அந்த மூன்று ஆர்டரும் யாருடையது என்று ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

ஸ்டெல்லா ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

ஆப்பில் மூன்று பக்கம். படகின் பெயர், எத்தனை பார் ஐஸ் கட்டி, எத்தனை மணிக்கு. பக்கம் மாற்றுவது ரூட்டரின் வேலை; வைஃபை பெட்டி இல்லை, ஆப்புக்குள் இருக்கும் ஒரு நிரல். மறுபடி சர்வரிடம் போகாமல் போனுக்குள்ளேயே மாற்றிவிடும். அதனால் முதல் பக்கத்தில் அடித்த பெயர் கடைசி வரை நினைவில் நிற்கும். பட்டன், கட்டம், பட்டியல் எல்லாம் காம்போனென்ட் லைப்ரரி என்ற ரெடிமேட் மூட்டையிலிருந்து வருபவை. “பட்டன் பெருசா வேணும்” என்று வசந்தா கேட்க, வியாழக்கிழமை ரூட்டர் சொல்படி நடந்த பழைய லிங்க்குகளை எடுத்துவிட்டு லைப்ரரியின் நீலப் பட்டன்களைப் போட்டிருக்கிறாள். அந்தப் பட்டனுக்கு ரூட்டரைத் தெரியாது. அமுக்கினால் ஆப்பையே முதலிலிருந்து ஏற்றும். அடித்த பெயர் காலி — அந்த இடத்தில் சோதனைக்கு வைத்த ‘மாமா’ ஆஜர்!

சிதம்பரத்தில் ஏன் தெரியவில்லை? வீட்டு வைஃபை வேகத்தில் வெளுப்பு கண்ணுக்கே படவில்லை. பெயர்? அவள் அங்கே போட்டுப் பார்த்த ஆர்டர் எல்லாமே ‘மாமா’வுக்குத்தானே!

நான் வேலை பார்க்கும் பத்திரிகை டெஸ்க்கில் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தை அழகாகக் கட்டியவர் ‘தொடர்ச்சி 7-ஆம் பக்கம்’ என்று போட்டிருப்பார். ஏழாம் பக்கத்துக்காரருக்கு அது தெரியாது. இருவருமே கெட்டிக்காரர்கள். ஒருவர் இன்னொருவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்படிக் கெட்டுப்போகும் வேலைகள்தான் எத்தனை!

7.05. “மாமா, புடிச்சிட்டேன்!”

உருவம் உன்னுடையதாகவே இருக்கட்டும், அமுக்கும்போது மட்டும் ரூட்டரின் லிங்க்காக நடந்துகொள் என்று லைப்ரரிப் பட்டனிடம் சொல்ல வழி இருக்கிறதாம். எல்லாப் பக்கமும் ஒரே பட்டனைத்தான் எடுத்துக்கொள்கின்றன. மாற்றியது ஒரே வரி. ‘மாமா’வையும் அழித்தாள்.

“இப்ப ஒரு பேரு அடிங்கக்கா.”

வசந்தா அடித்தார். பட்டனை அமுக்கினார். வெளுக்கவில்லை! அடுத்த பக்கம் அப்படியே நழுவி வந்து நின்றது. இன்னொரு தட்டு... கடைசிப் பக்கம். பெயர் அடித்தபடியே இருக்கிறது! நான் கை தட்டிவிட்டேன். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அய்ய, இவ்ளோ சீக்கிரமா? சிக்னல் ஜாஸ்தியாயிடுச்சா?”

“சிக்னல் அதேதான்க்கா.”

7.32-க்கு அடுத்த ஆர்டர் வந்தது. படகு: குணசுந்தரி. ஐஸ்: நாற்பது பார்.

எட்டு மணிக்கு நோட்டு மேசை டிராயருக்குள் போனது.