இரண்டு கொட்டகைக்கு ஒரு பிரதி

பினாங்கில் சீனப் படத்தொழில் வளர்ந்த வரலாறு என்று அமெரிக்காவில், குபெர்டினோவில் ஒரு கண்காட்சி. வைத்தவள், பினாங்கில் இரண்டு சீன சினிமாக் கொட்டகைகளை நடத்திய முதலாளியின் பேத்தி. பினாங்கு நான் பிறந்த ஊர் என்பதால், கோயம்புத்தூர்க்கார ஆபீஸ் நண்பர் என்னை விடாப்பிடியாக இழுத்துப் போனார்.

சுவரெல்லாம் புகைப்படங்கள்: ரிப்பன் வெட்டு, நடிகைகளோடு விருந்து. கலைக்காகவே வாழ்ந்த குடும்பமாம். கொட்டகையின் மூத்திர நாற்றமும், தரையெங்கும் துப்பிய தர்பூசணி விதைத்தோலும், காலடியில் ஓடிய எலியும் எந்தப் புகைப்படத்திலும் இல்லை. முதலாளி ஒரு படத்துக்கு ஒரே பிரதியை வாங்கி இரண்டு கொட்டகையிலும் ஓட்டுவார். ஒரு கொட்டகையில் ஒரு சுருள் முடிந்ததும் அதைத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டு அடுத்த கொட்டகைக்கு சைக்கிளில் பறக்க வேண்டும். பிந்தினால் அங்கே ஜனம் நாற்காலியை உடைக்கும், முதலாளி செருப்பைக் கழற்றுவார். அந்த அடியை வாங்கியவர் என் அப்பா. அத்தனை வருடம் ஓடியும் ஒரு படத்தைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை.

இங்கே நான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருப்பது வேறு.

"இவரோட ஃபாதரும் அங்க ஃபிலிம் டிஸ்ட்ரிபியூஷன்ல பெரிய ஆளுங்க" என்று ஆபீசில் சொல்வதையே நண்பர் ஆங்கிலத்தில் அவளிடம் பெருமையாக எடுத்துவிட்டார். அவள் முகம் மலர்ந்தது. என்னைக் கடைசிப் புகைப்படத்தின் முன்னால் கூட்டிப் போனாள்.

நனைந்த பனியன், முழங்கால்வரை சேறு, சைக்கிள் கேரியரில் டப்பாக்கள். அப்பாவேதான். கீழே ஒரு வெற்று அட்டை.

"எங்களுக்காக இவ்வளவு உழைத்திருக்கிறார், பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதிவிடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் கெஞ்சாத குறையாகக் கேட்டாள். அவளிடம் நடிப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நண்பர் எட்டிப் பார்த்தார். "பாவம், யாரோ கூலியாளாட்ட இருக்குதுங்க."

"தெரியாது" என்றேன்.

என்னைப் போல ஒரு ஈனப்பிறவியை அந்த முதலாளிகூடப் பார்த்திருக்க மாட்டார். அவள் பெருமூச்சு விட்டு, பெயர் தெரியாத இந்தியத் தொழிலாளி என்று அட்டையில் எழுதினாள். பசை தடவி ஒட்டிவிட்டு, காயும்வரை கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

பிடித்துக்கொண்டேன்.