பதினாறாம் வாய்ப்பாடும் அரிசிச் சோறும்

கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான்தான் சட்டாம்பிள்ளை. வாத்தியார் வெளியே போனால் பிரம்பு என் கைக்கு வரும். மத்தியானம் நான் வாய்ப்பாடு சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த ராஜாங்கத்துக்கு ஆபத்து மாதி என்ற பெண்ணின் உருவத்தில் வந்தது.

மாதியின் அம்மா எங்கள் வயலில் களை எடுப்பவர். வாய்ப்பாட்டு நேரத்தில் மாதி தூங்கி விழுவாள், நான் பிரம்பால் தட்டி எழுப்புவேன். அந்த வருஷம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மத்தியானச் சோறு போட ஆரம்பித்தார்கள். அப்பாவும் பெரிய மனசு பண்ணி ஒரு மூட்டை அரிசி கொடுத்தார். கொஞ்ச நாளில் மாதி தூங்குவதை விட்டாள். பிறகு என்னை முந்திக்கொண்டு கணக்குக்குக் கை தூக்கினாள். வாத்தியார் அவளைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

யோசித்ததில் விஷயம் பிடிபட்டது. எங்கள் வீட்டில் நெல்லை விற்றுவிட்டு ராகிக் களிதான் தின்போம். அரிசிச் சோறு அமாவாசைக்கும் பண்டிகைக்கும்தான். அவளோ தினமும் அரிசிச் சோறு தின்கிறாள். மூளை அதில்தான் இருக்கிறது, அதுவும் எங்கள் வீட்டு அரிசியில்!

மறுநாள் காலையில் களி உருண்டையைத் தள்ளி வைத்தேன். சோறுதான் வேண்டும் என்றேன்.

"களி துன்னுதான் உங்கப்பா ஊருக்கே நாயம் சொல்றாரு. உனக்கு மட்டும் எறங்கலியா?" என்றாள் அம்மா.

வெறும் வயிற்றோடு போனேன். மத்தியானம் சோற்று வரிசையில் உட்கார்ந்தேன். "உங்க ஊட்டுல இல்லாத சோறா? எந்திரி" என்று வாத்தியார் எழுப்பி விட்டார். வீட்டுக்கும் போகாமல் புளியமரத்தடியில் வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு. பாதியில் நின்றுபோனேன். தலை கிறுகிறுத்தது. சிரித்தவனை ஓங்கி அடித்தேன், அடித்துவிட்டு நானே அழுதேன். வாத்தியார் பிரம்பைப் பிடுங்கி மாதியிடம் கொடுத்தார். அவள் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள்.

பள்ளி விட்டதும் அவளை மறித்தேன். "அந்தச் சோத்துல என்னடி போடறாங்க?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். "காலையில சாப்புடலீங்களா?"

"ஏன், உனுக்கென்ன?"

"எதுனா சாப்புட்டு வாங்க. பதினாறு தானா வந்துரும். மின்னாடி எனக்கும் இப்பிடித்தான் கண்ணக் கட்டிக்கிட்டு வரும்."

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மழுப்புகிறாள், சோற்றின் ரகசியத்தை மறைக்கிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.