இருட்டினால் பாலம்

2009, லண்டன். லிட்டில் வெனிஸ் கால்வாயில் படகு மெதுவாக நகர்கிறது. எதிரே இல்ஃபோர்டிலிருந்து வந்த யாழ்ப்பாணத் தம்பதி. கணவரான அந்த அண்ணை முன்பு ஆம்ஸ்டர்டாமில் இருந்தவராம். நாளை நான் அங்கேதான் போகிறேன். அந்த ஊர்க் கால்வாய்களில் எதைப் பார்க்கலாம் என்று கேட்கிறேன்.

“என்னைக் கேக்காதேங்கோ தம்பி. சுற்றுலாப் படகிலைதான் வேலை, ஆனா கீழை, கிச்சினுக்கை. இருட்டினா பாலம் வருது எண்டு தெரியும். படகு ஆடுறதுக்கு முதல் கோப்பையளைப் பிடிக்கவேணும்.”

எங்கள் படகு கால்வாயின் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது. முகம் தெரியாத இருட்டு. வெளிச்சம் திரும்பும்போது அண்ணையின் இரண்டு கைகளும் எங்கள் காகிதத் தேநீர்க் கோப்பைகளை இறுக்கிப் பிடித்திருக்கின்றன.

“அது உடையாதப்பா,” என்கிறார் அவர் மனைவி. “கையை எடுத்துப்போட்டு வெளியிலை பாருங்கோவன்.”